மடக்குக் கத்தியின் பூட்டு எப்படி இயங்குகிறது?

மலையேற்றத்துக்கோ முகாமுக்கோ மடக்குக் கத்தி வாங்குபவர்கள் பெரும்பாலும் எஃகின் பெயரையும் அலகின் கூர்மையையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். ஆனால் இக்கருவி முதலில் பழுதாகக்கூடிய இடம் அலகன்று, அது கைப்பிடியுடன் இணையும் மூட்டுதான்; விரிந்த அலகைத் தாங்கி நிற்கும் பூட்டு நழுவினால், அலகு விரல்களின் மீதே மூடும்.

இன்று பரவலாக உள்ள லைனர் லாக் பூட்டில், கைப்பிடியின் உட்புறத் தகட்டின் ஒரு பகுதியை நீளவாக்கில் வெட்டி, உள்நோக்கி வளைத்துவிடுகிறார்கள். அலகு முழுமையாக விரிந்ததும் அந்த நாக்கு தன் விசையாலேயே நகர்ந்து, அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கிறது. முட்டும் பரப்பைச் சில பாகைகள் சாய்வாகத் தீட்டியிருப்பதில்தான் நுட்பம் இருக்கிறது: நாக்கு ஓர் ஆப்பைப்போல இறுகுவதோடு, நாளடைவில் உலோகம் தேயும்போது இன்னும் சற்று உள்ளே நகர்ந்து அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. சாய்வு மிகுந்தால், அழுத்தம் உராய்வை வென்று நாக்கைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். மிகவும் குறைந்தால், நாக்கு சிக்கிக்கொண்டு பூட்டைத் திறப்பதே பெரும்பாடாகிவிடும். புதிய கத்தியிலேயே நாக்கு மறுபக்கத் தகட்டைத் தொட்டு நின்றால், தேய்மானத்துக்கு இடமே இல்லை என்பதால் அதை வாங்காதிருப்பதே நல்லது.

பிரான்சின் ஒப்பினெல் நிறுவனம் 1955இல் கொண்டுவந்த வளையப் பூட்டு இதைவிட எளியது. மூட்டைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பினாலே அலகு மடங்கும் வழி அடைபட்டுவிடும். அதன் மரக் கைப்பிடி ஈரத்தில் ஊதினால் அலகை இழுத்துத் திறப்பதே கடினம் என்பது வேறு விஷயம்.

எஃகைப் பொறுத்தவரை, துருப்பிடிக்காத வகை என்று சொல்ல ஏறத்தாழ 10.5 விழுக்காடு குரோமியமாவது வேண்டும். டி2 எனப்படும் கருவி எஃகில் சுமார் 12 விழுக்காடு இருந்தும் அது ஈரத்தில் கறைபடுகிறது. ஏனெனில் குரோமியத்தின் கணிசமான பங்கு கார்பனுடன் சேர்ந்து கடினமான கார்பைடு துகள்களாகிவிடுவதால், துருவைத் தடுக்கும் காப்புப் படலம் அமைக்க எஞ்சுவது குறைவு. மழையிலும் கடற்கரையிலும் பயன்படுத்துபவர், கூர் சற்று விரைவில் மழுங்கினாலும் துருவைத் தாங்கும் எஃகைத் தேர்வதே பொருத்தம்.

வாங்கும்போது அலகை விரித்து, விரல்களை அது மூடும் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, மெல்ல அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் மூட்டுத் திருகைச் சற்று முறுக்கினால் சரியாகிவிடும். மேலும் கீழுமான ஆட்டம் பூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்பதையே காட்டுகிறது, அதைத் திருகு சரிசெய்யாது. முட்டும் பரப்பில் மணல் புகுந்தால் நல்ல பூட்டும் முழுமையாகப் பொருந்தாது என்பதால், பழைய கத்தியாக இருந்தால் முதலில் மூட்டைக் கழுவி உலர்த்திவிட்டு இந்தச் சோதனையைச் செய்யலாம்.