வகுப்புக்கு எந்தத் தளம்?

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் இடங்களில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி, "வகுப்புக்கு எந்தச் சமூக வலைத்தளம் நல்லது?" என்பது. "அதில் பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வீட்டுப்பாடமும் தேர்வுத் தேதியும் சொல்லத்தான் என்றால் கரும்பலகையே போதும். வாட்ஸ்அப் குழுவில் "ஓகே மிஸ்", "தேங்க்யூ மிஸ்" என்று வரிசையாக வந்து விழுந்தால், கொடுத்த வீட்டுப்பாடம் எங்கோ மேலே போய்விடும். அதைத் தேடி எடுப்பதே பிள்ளைகளுக்குத் தனி வேலை.

பயன் வேறு இடத்தில் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கும் சோதனையை எல்லோரும் செய்திருப்போம். கொதிக்க வைத்த நீரில் ஆணியைப் போட்டு மேலே எண்ணெய் ஊற்றினால் துரு வரக்கூடாது; கொதிக்கும்போது கரைந்திருந்த காற்று போய்விடும், எண்ணெய் அதைத் திரும்ப உள்ளே விடாது. ஒரு மாணவி தன் சோதனைக் குழாயைப் படமெடுத்து வகுப்பின் மூடிய குழுவில் போட்டாள். ஆணியின் தலைப்பக்கம் லேசான பழுப்பு. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டிருந்தாள். எண்ணெய் போதவில்லையோ என்றான் ஒருவன். ஆணி ஏற்கெனவே துருப்பிடித்ததாக இருக்கும் என்றது இன்னொரு பதில். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், "தண்ணீரை ஆறவிட்டு ஊற்றினாயா, சூடாகவா? ஆறும்போது காற்று திரும்பக் கரைந்துவிடுமே" என்று எழுதினான். ஆசிரியர் மறுநாள் வரை உள்ளே நுழையவில்லை. அவர் முதலிலேயே விடை சொல்லியிருந்தால் அந்த உரையாடல் அங்கேயே முடிந்திருக்கும்.

வகுப்பறையில் கையைத் தூக்குகிறவர்களுக்குத்தான் வாய்ப்பு. எழுத்தில் யோசிக்க நேரம் கிடைக்கிறது. கூச்சம் உள்ளவர்களும் வருகிறார்கள். என் கணக்கில் சமூக வலைத்தளத்தால் வகுப்புக்குக் கிடைக்கும் உருப்படியான லாபம் இதுதான். மற்றதெல்லாம் அலங்காரம்.

ஆனால் அதே தளத்தில் லைக் பொத்தான் இருந்தால் நிலைமை மாறிவிடும். கிண்டலான பதில் லைக் வாங்கி மேலே ஏறும், சரியான பதில் அடியில் கிடக்கும். எதை முதலில் காட்டுவது என்று முடிவு செய்வது தளம், ஆசிரியர் அல்ல. லைக்கை நிறுத்தி வைக்கவும், பதிவுகளை நேர வரிசையில் காட்டவும் வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாணவர்கள் ஒருவருக்கொருவர் தனியாகச் செய்தி அனுப்பும் வசதியை முடக்க முடியாவிட்டால் அந்தத் தளமே வேண்டாம் என்பேன்.

வயது விஷயத்தில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. ஆறாம் வகுப்புக்கு அங்கே வேலை கொடுத்தால், பிறந்த ஆண்டை மாற்றிப் போடச் சொல்லி நாமே அனுப்புகிறோம் என்றுதான் அர்த்தம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் முக்கியத் தளங்களில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கணக்கு வைத்திருக்க முடியாது. வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு சிக்கல், உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் அத்தனை பேருடைய கைபேசி எண்ணும் தெரியும். ஒரு மாணவியின் எண் அப்படி வெளியே போய்விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

"கல்விக்கென்றே உள்ள தளம்தானே, பயமில்லை" என்பவர்களுக்கு எட்மோடோவின் கதையைச் சொல்வேன். 2008-இல் தொடங்கி உலகமெங்கும் ஆசிரியர்கள் கொண்டாடிய தளம் அது. 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் அதன்மேல் வழக்குப் போட்டது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகவலைத் திரட்டி விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. அபராதம் 60 லட்சம் டாலர். நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. சம்மதம் வாங்கும் பொறுப்பைப் பள்ளிகள் மேலும் ஆசிரியர்கள் மேலும் எட்மோடோ தள்ளிவிட்டிருந்தது என்றும் ஆணையம் சொன்னது. விதிமுறைப் பக்கத்தைப் படிக்காமல் "ஏற்கிறேன்" என்று அழுத்தும்போது எதை ஏற்கிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

தளங்கள் மூடப்படுவதும் புதிதல்ல. சொந்தமாகச் சமூக வலைத்தளம் அமைத்துக்கொள்ள உதவிய நிங் 2010-இல் இலவச சேவையை நிறுத்தியது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயே போய்விட்டது. ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் எழுதியதை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று தொடங்கும் முன்பே சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால் முக்கியமான உரையாடல்களைப் பருவத்துக்கு ஒருமுறையாவது நகலெடுத்து வையுங்கள்.

சொந்தக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை: மாணவர் நட்பு அழைப்பு அனுப்பினால் ஏற்க வேண்டாம். அவர் தப்பாக நினைப்பார் என்று சங்கடப்படவும் வேண்டாம். வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க நான் பார்ப்பது ஒன்றுதான். பருவ முடிவில் பழைய பதிவுகளைப் புரட்டி, எத்தனை இடத்தில் ஒரு மாணவருக்கு இன்னொரு மாணவர் பதில் சொல்லியிருக்கிறார் என்று எண்ணுவேன். எல்லாப் பதிலும் ஆசிரியரைப் பார்த்தே எழுதப்பட்டிருந்தால் அது வெறும் இன்னொரு நோட்டுப் புத்தகம். அடுத்த பருவத்தில் அந்தக் குழுவை மூடிவிடலாம்.