பிளாக் டைம்: நிலைக்கு நிலை நேரம்

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு விமான டிக்கெட் பார்த்தால் பயண நேரம் ஒரு மணியை ஒட்டி இருக்கும். பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து சேலம் விமான நிலையம் இருக்கும் ஓமலூர் பக்கத்துக் கமலாபுரத்துக்கு வான்வழியில் சுமார் 160 கி.மீ.தான். ஏ.டி.ஆர். 72 போன்ற புரொப்பல்லர் விமானம் மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும். வகுத்தால் இருபது நிமிடம்கூட வரவில்லை. ஏறவும் இறங்கவும் வேகம் குறையும், நேர்க்கோட்டில் விடவும் மாட்டார்கள். சரி, இன்னொரு பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் கணக்கு உதைக்கிறது. காரணம், டிக்கெட்டில் போடுவது பிளாக் டைம்.

விமானம் புறப்படுவதற்காக நின்ற இடத்தை விட்டு அசையும்போது இது தொடங்குகிறது. போன ஊரில் இறங்கி, ஊர்ந்து வந்து, கடைசியாக நிற்கும்போது முடிகிறது. ஐகாவோ எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு ‘ஃபிளைட் டைம்’ என்பதற்குத் தரும் வரையறையும் இதேதான். விமானிகளின் பதிவேட்டில் ஏறும் மணிக்கணக்கும் இதுவே. (எலக்ட்ரானிக் சிட்டிக்காரர் தேவனஹள்ளி போய்ச் சேரும் நேரம் எந்த வரையறையிலும் வராது. அவர் ஹெப்பாளைத் தாண்டுவதற்குள் சேலம் பஸ் கிருஷ்ணகிரியைத் தொட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.)

பிளாக் என்றால் இங்கே கட்டை. நிற்கும் விமானம் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைப்பது. ‘சாக்’ என்றும் சொல்வார்கள். கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி போடும் வரை என்பதுதான் மூலக் கணக்கு. இன்று அந்தக் கட்டை பெரும்பாலும் ரப்பர். அகராதியைப் புரட்டி ‘தொகுதி நேரம்’ என்று மொழிபெயர்த்தால் கதை கெட்டது.

தொலைவு ஒன்றாக இருந்தாலும் இந்த நேரம் மாறும். வரைபடத்தில் மைசூரு மண்டகள்ளியிலிருந்து கமலாபுரத்தை அளந்து பாருங்கள்: அதுவும் ஏறக்குறைய 160 கி.மீ.தான். அந்த இரண்டு சின்ன நிலையங்களுக்கு நடுவே ஒரு விமானம் விட்டால் வானில் ஆகும் நேரம் தேவனஹள்ளி விமானத்துக்கு ஆவதுதான். ஆனால் விமானம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடுபாதை, முன்னால் வரிசையும் இருக்காது. தேவனஹள்ளியிலோ 4,000 மீட்டரில் இரண்டு ஓடுபாதைகள். ஊர்ந்து போகவே நேரம் பிடிக்கும், அப்புறம் முறை வரக் காத்திருக்க வேண்டும். நிறுவனங்கள் அட்டவணை போடும்போதே இந்தத் தாமதத்தையும் கணித்துச் சேர்த்துவிடுகின்றன. ‘பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்ற அறிவிப்புக்கு விமானியின் சாமர்த்தியத்தைவிட இதுவே காரணமாக இருப்பதுண்டு.

தமிழில் என்ன சொல்லலாம்? சக்கரத்துக்குக் கட்டை போடுவது நமக்குப் புதிதில்லை, தேரோட்டத்தில் பார்த்ததுதான். ஆனால் ‘முட்டுக்கட்டை நேரம்’ என்றால் யாரோ காரியத்தைக் கெடுத்த நேரம் போலக் காதில் விழும். ‘கட்டை நேரம்’ அதைவிட மோசம். தேரிடமிருந்தே வேறு சொல் வாங்கலாம்: நிலை. நிலையிலிருந்து கிளம்பும் தேர் வீதி சுற்றி நிலைக்கு வந்து சேர்கிறது. விமானத்துக்குக் கிளம்பும் நிலை ஓர் ஊரில், சேரும் நிலை வேறோர் ஊரில், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே ‘நிலைக்கு நிலை நேரம்’ என்பது என் தேர்வு. சக்கரம் தரையை விட்டெழுந்து மீண்டும் தரை தொடும் வரையிலான பகுதிக்கு ‘வான் நேரம்’ போதும். பேச்சில் பிளாக் டைம் என்றே சொல்லிக்கொள்ளலாம். செய்தியில் எழுதும்போது இரண்டையும் பிரித்து எழுத வேண்டும்.