டிரைவரை நெருக்காதீர்கள்: மசாய் மாராவில் ஒரு நாள்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குச் சரணாலயத்தில் இந்த சீசனிலும் அதேதான் நடந்தது. சிவிங்கிப்புலி (சீட்டா) ஒன்று தூரத்தில் படுத்திருந்தது. எங்கள் குழுவின் இரண்டாவது வண்டியில் இருந்தவர்கள், "தம்பி, கொஞ்சம் கிட்டப் போப்பா, இவ்வளவு காசு கட்டி வந்திருக்கோம்" என்று டிரைவரை விடாமல் நச்சரித்தார்கள். அவர் பாதையை விட்டுப் புல்லுக்குள் வண்டியை இறக்கினார், ரேஞ்சர் பார்த்துவிட்டார். அபராதம் டிரைவர் தலையில் விழுந்தது. கேட்டவர்கள் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் ஆளாளுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து குழுக்களைக் கென்யாவுக்கு அழைத்துப் போவது என் தொழில், ஒவ்வொரு முறையும் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரு நாள் எப்படிப் போகும், அதில் எங்கே வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிடுகிறேன்.

காலை ஐந்தேகாலுக்கு எழுப்பிவிடுவார்கள். கூடாரத்துக்கு வெளியே ஒருவர் காபியோடு நின்று குரல் கொடுப்பார். குளிரும், நன்றாகவே குளிரும். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று அரைக்கை டீ ஷர்ட்டோடு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது, மாரா கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. மேற்கூரையைத் தூக்கிவிட்டு ஓடும் லேண்ட் குரூசரில் காற்று காதைக் குத்தும். ஸ்வெட்டர், குல்லா இரண்டும் வேண்டும். பத்து மணிக்கு மேல் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தொப்பி போட்டுக்கொள்வீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டியேறிவிடுகிறீர்கள், காலைச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான் வரும். நடுக்காட்டில் வியர்த்துக் கொட்டி மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை, இன்சுலின் நேரத்தை ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள், பையில் பிஸ்கட்டும் குளுக்கோஸும் இருக்கட்டும். வழியில் கழிப்பறை இருக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவதும் வேண்டாம். டிரைவரிடம் சொன்னால் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பாதுகாப்பான இடமாக நிறுத்துவார். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அம்மாக்களே, தயவுசெய்து சொல்லுங்கள்.

ஆறு மணிக்கு கேட் திறக்கும். அடுத்த மூன்று மணி நேரம்தான் நாளின் நல்ல பகுதி. மற்ற டிரைவர்கள் ரேடியோவில் சொல்லும் தகவலை மட்டும் நம்பி டிரைவர் ஓட்டுகிறார் என்று நினைக்காதீர்கள். புற்றின் மேல் ஏறி நிற்கும் டோப்பி மான் எந்தப் பக்கம் வெறிக்கிறது, கழுகுகள் எந்த மரத்தில் இறங்குகின்றன, இம்பாலா மான் எங்கே சீறுகிறது என்று ஒரே நேரத்தில் பத்து விஷயங்களைக் கவனித்துக்கொண்டிருப்பார். கென்யாவில் வழிகாட்டிகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அது நடத்தும் தேர்வில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். தங்கம் வாங்கியவர்கள் மிகச் சிலர். இப்படிப் படித்துத் தேறி வந்தவரைப் பார்த்து "சிங்கம் எங்கேப்பா, இன்னும் காணோமே" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டால் அவர் எதைக் கவனிப்பார்?

சிங்கம் கிடைக்கும், பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் பதினெட்டு, இருபது மணி நேரம் படுத்தே கிடக்கிற பிராணி அது. எழுந்திருக்க வேண்டும் என்று கைதட்டுவது, விசிலடிப்பது, வண்டியின் பக்கவாட்டில் தட்டுவது எல்லாம் கேவலமான பழக்கம்.

என்னை மிகவும் கோபப்படுத்தும் நம்பிக்கை ஒன்று உண்டு: "இங்கே இருக்கிற சிங்கமெல்லாம் மனுஷனுக்குப் பழகினது சார், ஒண்ணும் பண்ணாது." இல்லை. அது பழகியிருப்பது வண்டிக்கு. குட்டியாக இருந்ததிலிருந்து தினமும் பார்க்கிறது. பெரிதாக, டீசல் வாடையோடு, உறுமிக்கொண்டு ஒன்று வருகிறது, நிற்கிறது, போகிறது, அதைத் தின்னவும் முடியாது, அது துரத்தியதும் இல்லை. வண்டியும் அதற்குள் உட்கார்ந்திருக்கிற நீங்களும் சேர்ந்து அதற்கு ஒரே உருவம். நீங்கள் எழுந்து கூரைமேல் உட்கார்ந்தாலோ, ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்தாலோ, விழுந்த தொப்பியை எடுக்க ஒரு காலைக் கீழே வைத்தாலோ அந்த உருவம் உடைகிறது, தனி மனிதன் ஒருவன் தெரிகிறான். மனிதனைக் கண்டால் அது ஓடலாம், பாயலாம். எதைச் செய்யும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "அரை மணி நேரமா பக்கத்திலேயே நிக்கிறோம், ஒண்ணும் பண்ணலையே" என்பார்கள். அந்த அரை மணி நேரமும் நீங்கள் வண்டிக்குள் இருந்தீர்கள், அதனால்தான் ஒன்றும் பண்ணவில்லை! வண்டலூரில் அகழிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த பழக்கம் இங்கே உதவாது. இங்கே வேலி இல்லை. யானைக்கும் எருமைக்கும் இந்தக் கணக்குகூடச் செல்லாது, வண்டியையே முட்டித் தள்ளக்கூடிய பிராணிகள் அவை. டிரைவர் ரிவர்ஸ் எடுத்தால் ஏன் என்று கேட்காமல் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கிட்டப் போவது பற்றி. மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர வேண்டும், பாதையை விட்டு இறங்கக் கூடாது. இதெல்லாம் யாரையோ சிரமப்படுத்தப் போட்ட விதிகள் இல்லை. சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுவதே சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்துதான். அந்தப் பகல் நேரத்தில் நாம் போய்ச் சுற்றி நிற்கிறோம். மாராவில் செய்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வண்டிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது, வண்டிகள் நெரியும் பகுதிகளில் 0.2 மட்டுமே. நீங்கள் கேட்ட "கொஞ்சம் கிட்ட" அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

2024 முதல் வெளிநாட்டவருக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு நாள் கட்டணம் 200 டாலர். பெரிய பணம்தான், உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது உள்ளே நுழைவதற்கான காசு, காட்சிக்கான காசு இல்லை. வைல்டிபீஸ்ட் என்கிற பெரிய மான் கூட்டம், ஆற்றைக் கடக்க வந்து மாரா ஆற்றங்கரையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு இறங்காமலே திரும்பிப் போகும். அதையும் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள். இறங்குகிற நேரத்தில் எதிர்க்கரையில் வண்டிகள் வழியை மறித்தால், ஏற இடமில்லாமல் தண்ணீரிலேயே முட்டி மோதும். முதலைகளும் அங்கேயேதான் இருக்கின்றன.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள், விலங்குகளும் அதைத்தான் செய்யும். முறுக்கு, பொடி எதையும் கூடாரத்தில் திறந்து வைக்க வேண்டாம், ஜிப்பை முழுதாக இழுத்து மூடுங்கள். பபூன் குரங்கு உள்ளே புகுந்தால் பையையே பிய்த்துவிடும்.

நான்கு மணிக்கு மறுபடி கிளம்பி, மாலை ஆறு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று கெஞ்சாதீர்கள், கேட்டில் பதில் சொல்வது டிரைவர். இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடாரத்துக்குக் காவலாளி வந்துதான் கூட்டிப்போவார். பல கேம்ப்களில் வேலி கிடையாது, நீர்யானை இரவில் புல் மேயக் கரையேறும். டார்ச் இருக்கிறதே என்று தனியாகக் கிளம்பக் கூடாது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். பிளாஸ்டிக் கேரிபேக் கென்யாவில் 2017-லிருந்து தடை, பெட்டிக்குள் இருந்தால் எடுத்துவிடுங்கள். மலேரியா மாத்திரையை டாக்டர் எழுதித் தந்தபடி போடுங்கள், நம்மூர் குளோரோகுயின் அங்கே உதவாது. "ஊருக்கு வந்தாச்சே" என்று பாதியில் நிறுத்தாதீர்கள், மாத்திரையைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால் பாரசிட்டமாலோடு காத்திருக்காமல் அன்றே போய் மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டாக்டர் கேட்பதற்கு முன், கென்யா போய் வந்தேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.