கைட்லைன்: நெறிமுறையா, வழிகாட்டுதலா?

டாக்டர்கள் தங்களுக்குள் பேசும்போது "புது கைட்லைன்ல அந்த மருந்தை எடுத்துட்டாங்க" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஒரு நோய்க்கு எது தகுந்த சிகிச்சை என்று சொல்லும் பரிந்துரைகள்தான் கைட்லைன். அதையே செய்தித்தாள் எழுதினால் 'வழிகாட்டு நெறிமுறைகள்' ஆகிவிடும். வேறு இடங்களில் 'வழிகாட்டுதல்கள்', 'வழிகாட்டி', 'நெறிமுறை' என்றெல்லாம் பார்க்கிறோம். எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியவில்லை. எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, உங்கள் குடும்ப மருத்துவர் செய்வது என்ன என்ற புரிதலே மாறிப்போகிறது.

ஆங்கிலத்தில் இது முதலில் கைவேலைக்காரர்களின் சொல். வெட்டுவதற்கு முன்னால் பரப்பின்மேல் போட்டுக்கொள்ளும் கோடுதான் கைட்லைன். நம் தச்சர்களிடமும் இது உண்டு. காவியில் தோய்த்த நூலை மரத்தின் இரண்டு முனைகளிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் பட்டென்று ஒரு கோடு விழும். படிக்கும் நூலின் மாண்பைச் சொல்லும் இடத்தில் நன்னூல் ஒப்பிடுவதும் இந்தத் தச்சு நூலைத்தான்: மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சு நூல்போல, மனிதரின் மனக்கோணலைத் தீர்ப்பது படிக்கும் நூல். கோடு போட்ட பிறகும் வாளைப் பிடிப்பது தச்சரின் கைதான். நடுவில் ஒரு கணு வந்தால் என்ன செய்வது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்குப் பலரும் எடுத்தாளும் வரையறையை 1990இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆலோசனை அமைப்பு கொடுத்தது. குறிப்பிட்ட ஒரு நோய்நிலையில் எது தகுந்த சிகிச்சை என்று மருத்துவரும் நோயாளியும் முடிவெடுக்க உதவும்படி, முறையாக உருவாக்கப்பட்ட கூற்றுகள் என்பது அதன் சாரம். 'உதவும்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். முடிவெடுப்பவர்களில் நோயாளியும் இருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். 2011இல் இந்த வரையறையைத் திருத்தியபோது, ஆய்வுச் சான்றுகளை முறையாகத் திரட்டிப் பார்த்து, நன்மை தீமைகளை எடைபோட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள்.

இந்த இடத்தில்தான் 'நெறிமுறை' எனக்கு இடிக்கிறது. மருத்துவ நெறிமுறை என்றால் நோயாளியின் ரகசியம் காப்பது போன்ற அறம் சார்ந்த கடமைகள் என்று ஒரு பொருள் ஏற்கெனவே இருக்கிறது. புரோட்டோகாலுக்கும், அதாவது படிப்படியாக அப்படியே செய்ய வேண்டிய முறைக்கும், அதே சொல்தான். கொரோனா காலத்தில் 'வழிகாட்டு நெறிமுறைகள்' என்ற தொடரைத் தினமும் கேட்டோம். மீறினால் அபராதம் என்ற நினைவோடுதான் அது மனதில் தங்கியது. பத்திரப்பதிவில் வரும் 'வழிகாட்டி மதிப்பு' என்ற தொடரும் அப்படித்தான். அதைவிடக் குறைத்து விலை காட்டினால் பதிவு சிக்கலாகும். இப்படிக் கட்டாயத்தின் வாசனை ஏறிய சொல்லை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தால், கைட்லைனிலிருந்து விலகிய டாக்டர் ஏதோ விதியை மீறியவர்போலத் தெரிவார்.

கோடும் நகராமல் நிற்பதில்லை. 65 வயதுக்காரர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் 145/85 என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி அது உயர் ரத்த அழுத்தம். 2014இல் வந்த நிபுணர் குழுப் பரிந்துரை, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 150/90ஐத் தொட்டால் மருந்து தொடங்கலாம் என்றது. 2017இல் அங்குள்ள இதயநோய் அமைப்புகள் எல்லையை 130/80 ஆக்கின. ஆள் ஒருவர்தான், அளவும் ஒன்றுதான்.

இவ்வளவையும் குடும்ப மருத்துவர் எப்போது படிப்பார்? காலையில் காய்ச்சல், அப்புறம் சர்க்கரை, மூட்டுவலி, குழந்தையின் இருமல் என்று வரிசை நீளும். ஒவ்வொரு நோய்க்கும் தனி வழிகாட்டுதல். சில வழிகாட்டுதல்கள் நூறு பக்கங்களைத் தாண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2019இல் தொடங்கி, ஒரு நோய்க்கு ஒரு பக்கம் என்ற அளவில் சிகிச்சை வழிமுறைப் படங்களை வெளியிட்டதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பிரிட்டனில் ஜான் கபே, ஆண்ட்ரே லெ மே என்ற இரு ஆய்வாளர்கள் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளிலேயே உட்கார்ந்து கவனித்து, 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டாக்டர்கள் வழிகாட்டுதல் ஏட்டைப் புரட்டுவது அபூர்வம். கொஞ்சம் வாசிப்பு, சக மருத்துவர்களின் பேச்சு, மருந்து நிறுவனத்தின் மெடிக்கல் ரெப் சொன்னது, நோயாளிகளிடம் கற்றது, சொந்த அனுபவம் எல்லாம் கலந்து மனதுக்குள் உருவான பாதையில்தான் நடக்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மைண்ட்லைன்'. தமிழில் 'மனத்தடம்' என்று சொல்லிப் பார்க்கிறேன். நடந்து நடந்து விழுந்த தடம் என்பதால் பொருந்துகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தான் அனுப்பிவைத்த நோயாளி டிஸ்சார்ஜ் சம்மரியோடு திரும்பி வரும்போது, அதில் மாறியிருக்கும் மருந்தைப் பார்த்துக்கூட ஒரு டாக்டர் புதியதைக் கற்கிறார். அந்தத் தடம் நல்ல சான்றோடு சேர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதுதான் முக்கியம். மருந்து விற்பவரின் பேச்சு மட்டுமே தடம் போட்டால் ஆபத்து.

எனவே என் பரிந்துரை: கைட்லைனுக்கு 'வழிகாட்டுதல்', அதைத் தாங்கிய ஏட்டுக்கு 'சிகிச்சை வழிகாட்டி'. படிப்படியாக அப்படியே செய்ய வேண்டிய புரோட்டோகாலுக்கும் அறக் கடமைகளுக்கும் 'நெறிமுறை' இருக்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் தந்த வழிகாட்டுதல் சின்னது: உப்பு-சர்க்கரையின் அடர்த்தி குறைத்த ஓ.ஆர்.எஸ். கரைசல், கூடவே துத்தநாகம் (ஜிங்க்) 10 முதல் 14 நாள், தினம் 20 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம். ஓ.ஆர்.எஸ். எல்லாருக்கும் தெரியும். துத்தநாகம்தான் விட்டுப்போகும், போக்கு நின்றதும் அம்மாக்கள் நிறுத்திவிடுவார்கள். எங்கள் தெரு டாக்டர் அதனால் சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதி, அடிக்கோடும் போடுவார்: "பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்கவும்."