மேகம் மறைக்காத அலை

1769 ஜூன் மாதத்தில், வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டிலை, சரியாக அந்த வேளையில் திரண்ட மேகங்கள் ஏமாற்றிவிட்டன. ஈர்ப்பு அலைகளுக்கு அப்படியொரு தடை இல்லை. மேகம் என்ன, பூமியையே ஊடுருவிச் சென்றுவிடும். ஆனால் எதற்கும் தடைபடாத ஒன்று எதன்மீதும் பெரிதாகத் தடம் பதிப்பதில்லை. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

நிறையுள்ள பொருள், காலமும் வெளியும் இணைந்த காலவெளியை வளைக்கிறது என்கிறது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றும்போது அவ்வளைவு மாறிக்கொண்டே இருப்பதால், அந்த மாற்றம் ஈர்ப்பு அலையாகப் புறப்பட்டு ஒளியின் வேகத்தில் பரவுகிறது. அது கடக்கும் இடத்தில் ஒரு திசையில் நீளம் கூடும், குறுக்குத் திசையில் குறையும், அடுத்த கணமே தலைகீழாகும்.

இதை அளக்கவே அமெரிக்காவின் லைகோ நிலையங்களில் 4 கி.மீ. நீளமுள்ள இரு குழாய்களை ‘ட’ வடிவில் அமைத்து, ஒரே லேசர் கதிரைப் பிரித்து அனுப்பி, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பியதும் மீண்டும் சேர்க்கிறார்கள். இரு கதிர்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி வைத்திருப்பதால், நீளம் மாறினால் ஒளி கசியும். 2015 செப்டம்பர் 14 அன்று, சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இணைந்த கருந்துளைகளின் அலை வந்தபோது ஏற்பட்ட மாற்றம், புரோட்டானின் விட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையோரக் கருங்கற்களில் அமர்ந்திருப்பவர், அலை மோதும் அதிர்வை உடம்பிலேயே உணரலாம். கடல் எழுப்பும் இதைவிட நுண்ணிய அதிர்வுகள் கரையிலிருந்து பல நூறு கி.மீ. உள்ளேயும் நிலநடுக்கமானிகளில் பதிவாகின்றன. நிலம் இப்படி ஓயாமல் நடுங்குவதால்தான், 40 கிலோ எடையுள்ள அந்தக் கண்ணாடிகளை நான்கடுக்கு ஊசலின் கடைசியில், அரை மில்லிமீட்டர்கூடத் தடிமனில்லாத சிலிக்கா இழைகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அப்படியும் எஞ்சும் இரைச்சலைப் பிரித்தறிய உதவுவது, ஏறக்குறைய 3,000 கி.மீ. தள்ளியிருக்கும் இன்னொரு நிலையம். அன்று லிவிங்ஸ்டன் நிலையத்தில் பதிவான அதே வடிவ அலை, 7 மில்லி விநாடி கழித்து ஹான்ஃபோர்டு நிலையத்திலும் பதிவானது. சாலையில் போகும் லாரியால் அப்படி இரண்டு இடங்களை உலுக்க முடியாது. எனினும் இந்த நேர வேறுபாடு, அலை வந்த திசையை வானில் ஒரு நீண்ட பட்டையாகத்தான் காட்டும். 2023இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த, மகாராட்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவுள்ள லைகோ-இந்தியா, மற்ற நிலையங்களிலிருந்து வெகுதொலைவில் இருப்பதால் அப்பட்டையை வெகுவாகச் சுருக்கும். தொலைநோக்கியை எங்கே திருப்புவது என்பதும் விரைவாகத் தெரிந்துவிடும்.