முதலில் விரலைப் பாருங்கள்

துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு முதல் நாள் வருபவரிடம், தோட்டா இல்லை என்று இருமுறை சரிபார்த்த கைத்துப்பாக்கியைக் கொடுத்ததும் நான் கவனிப்பது அவருடைய ஆள்காட்டி விரலைத்தான். பெரும்பாலானோருக்கு அது நேராக டிரிகரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. உளவுப் படங்களில் நாயகன் டிரிகரில் விரலை வைத்தபடியே படியேறுவதையும், கதவைத் தோளால் இடித்துத் திறப்பதையும், கூட்டாளிக்குச் சைகை காட்டுவதையும் பார்த்துப் பார்த்துப் படிந்த பழக்கம் இது.

இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு உடலின் இயல்பே காரணம். ஒரு கை எதையாவது இறுகப் பற்றும்போது மறு கையின் விரல்களும் நம்மை அறியாமல் இறுகக்கூடும். கால் இடறினாலும், திடீர்ச் சத்தத்தில் திடுக்கிட்டாலும் அதுவே நிகழும். பல கைத்துப்பாக்கிகளின் டிரிகரை இழுக்க 2 அல்லது 3 கிலோ எடைக்கு ஈடான விசை போதும் என்பதால், தடுமாறும் கைக்கு அது பெரிய வேலையே அல்ல. ஆகவே, குறிபார்த்துச் சுடுவது என்று முடிவெடுக்கும் வரை விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்க வேண்டும்.

அதே படங்களில் வரும் சைலன்சர், அதாவது வெடியோசையைக் குறைக்கக் குழல்முனையில் பொருத்தும் கருவி பற்றியும் ஒரு வார்த்தை. 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் வெடியோசை ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கலாம், அவ்வளவுதான். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காத துப்பாக்கி திரையில் மட்டுமே உண்டு.

படங்கள் தரும் தவறான எண்ணங்களில் அதிகம் அஞ்ச வேண்டியது, துப்பாக்கி காலி என்ற நம்பிக்கை. எதிரியின் துப்பாக்கியிலிருந்து மேகசினை (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியை) நாயகன் உருவி எறிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் காட்டுகிறார்கள். ஆனால் சேம்பரில், அதாவது சுடுவதற்குத் தயாராகத் தோட்டா அமரும் அறையில், ஏற்கெனவே ஏறிவிட்ட தோட்டா அங்கேயே இருக்கும். மேகசின் இல்லாமல் சுடாத மாடல்கள் சில உண்டு என்றாலும், பல துப்பாக்கிகளில் அந்தத் தோட்டா வெடிக்கவே செய்யும். மேகசினைக் கழற்றிய பின் ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) முழுவதும் பின்னுக்கு இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் சுண்டுவிரலை நுழைத்துத் தொட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

1984 அக்டோபரில், உளவுக் கதை கொண்ட ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தில், நடிகர் ஜான்-எரிக் ஹெக்சம் வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாக டிரிகரை இழுத்தார். பாய்ந்து செல்லக் குண்டு எதுவும் அதில் இல்லை. ஆனால் அவ்வளவு அருகில் நிகழ்ந்த வெடிப்பின் விசையே மண்டையோட்டை உடைத்தது. ஆறு நாள்கள் கழித்து அவர் மரணமடைந்தபோது அவருக்கு வயது 26. 'வெற்றுத் தோட்டா' என்ற சொல்லை நான் வகுப்பில் பயன்படுத்துவதே இல்லை; 'குண்டில்லாத வெடி' என்றுதான் சொல்கிறேன்.