நர்சிங் மாணவிகளின் மனம் மரத்துப்போவது எப்படி?

எந்தப் பெரிய மருத்துவமனை வார்டிலும் காதில் விழுகிற பேச்சு இது: "ஏழாம் பெட் அப்பெண்டிக்ஸுக்கு டிரிப்ஸ் மாத்தியாச்சா?" ஏழாம் பெட்டில் படுத்திருப்பவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, வெளியே உட்கார இடம் கிடைக்காமல் நிற்கும் தம்பி உண்டு. ஆனாலும் வார்டில் அவர் அப்பெண்டிக்ஸ்தான். 1950களின் இறுதியில் லண்டனில், மாணவிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆய்வு செய்த உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸும் இதே பேச்சைத்தான் கேட்டார். அங்கே அது "பத்தாம் படுக்கைக் கல்லீரல்". இதை அவர் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. வலியையும் சாவையும் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டியவர்கள், அந்தக் கலக்கத்தில் மூழ்கிப்போகாமலிருக்கத் தங்களை அறியாமல் செய்துகொண்ட ஏற்பாடு என்று 1960இல் எழுதினார்.

மருத்துவமனை அவரை அழைத்ததே வேறு வேலைக்கு. எந்த மாணவியை எந்த வார்டில் எவ்வளவு நாள் போடுவது என்ற பட்டியல் ஓயாமல் சிக்கலாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்த சுமார் 700 நர்ஸ்களில் படிப்பை முடித்தவர்கள் 150 பேர் அளவுக்குத்தான். மிச்சப் பேர் மாணவிகள். ஆக, வார்டுகளை ஓட்டியதே அவர்கள்தான். படிப்புக்குத் தேவையான இடத்துக்கு அனுப்பினால் வார்டில் ஆள் இல்லை. ஆள் இல்லாத வார்டுக்கு அனுப்பினால் படிப்பு நடக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு மாணவிகள் பாதியிலேயே விட்டுப் போனார்கள். போனவர்களில் கணிசமான பேர் இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தமானவர்கள் என்பதையும் மென்சீஸ் கவனித்தார்.

அவர் விவரிக்கும் ஏற்பாடுகள் நம் ஊர் நர்சிங் மாணவிக்குப் படித்தவுடனே பிடிபடும். (பையன்களும் இப்போது நிறையப் படிக்கிறார்கள், மாணவி என்று நான் சொல்வது அவர்களையும் சேர்த்துத்தான்.) ஒரு நோயாளியை ஒருத்தியிடம் முழுதாக ஒப்படைப்பதில்லை. ஒருத்தி எல்லோருக்கும் டெம்பரேச்சர் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் படுக்கை விரிப்பு மாற்றுவாள். ஒரு வார்டில் நாலு முகம் பழகியதும் அடுத்த வார்டுக்கு மாற்றம். சின்ன முடிவைக்கூட மேலே இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். யாராவது உடைந்து அழுதால் ஆறுதலுக்குப் பதில் கண்டிப்பு வரும். இத்தனையும் கலக்கத்தைக் குறைக்க வந்தவை. ஆனால் குறைக்கவில்லை. நோயாளியோடு பழகி, அவர் தேறி வீட்டுக்குப் போவதைப் பார்க்கிற திருப்தியையும் சேர்த்துப் பறித்துக்கொண்டன.

பிறர் வலி நமக்குள் எப்படி நுழைகிறது என்று மூளைக்குள்ளேயே எட்டிப் பார்க்க இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மூளை ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, ஒரு முறை அவர்கள் கையிலும் ஒரு முறை பக்கத்தில் இருந்த துணைவரின் கையிலும் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். தனக்கு வலிக்கும்போது இயங்குகிற, மூளையில் வலியின் வேதனையை உணர்கிற இன்சுலா, சிங்குலேட் என்ற பகுதிகளின் முன்பக்கங்கள் துணைவருக்கு வலிக்கும்போதும் இயங்கின. எந்த இடத்தில் வலிக்கிறது என்று உணர்கிற பகுதிகள் மட்டும் சும்மா இருந்தன. அதாவது, மற்றவர் வலியின் 'எங்கே' நமக்குள் வருவதில்லை; 'ஐயோ' மட்டும் வருகிறது.

அப்புறம் 2007இல் தைவானில் ஓர் ஆய்வு. ஊசி குத்துவதைக் காட்டும் படங்களைச் சாதாரண ஆட்களுக்கும், அக்குபங்சர் செய்து பழகிய மருத்துவர்களுக்கும் காட்டினார்கள். சாதாரண ஆட்களுக்கு இன்சுலா துள்ளியது. மருத்துவர்களுக்குத் துள்ளவில்லை, பதிலாக, உணர்ச்சியை அடக்கி ஆள உதவும் முன்மூளைப் பகுதிகள் வேலை செய்தன. அனுபவம் ஒரு கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுக்கிறது. முதல் முறை தீக்காயப் பிரிவுக்குப் போஸ்டிங் போகும் இரண்டாம் ஆண்டு மாணவிக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. ஆனால் சீனியர் சிஸ்டர் பார்க்கிற அதே புண்ணை அவளும் பார்த்தாக வேண்டும், அதே டிரெஸ்ஸிங்குக்கு அவளும் கை கொடுக்க வேண்டும்.

அப்படியானால் கட்டுப்பாடு வரும் வரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதானா? இதற்கு ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும் சேர்ந்து செய்த ஆய்வு சுவாரசியமான பதில் தருகிறது. முதலில் ஒரு குழுவுக்கு, பிறர் துயரத்தைத் தன் துயரமாகவே உணரப் பயிற்சி கொடுத்து, வேதனையான வீடியோக்களைக் காட்டினார்கள். மனம் இன்னும் கனத்தது. இன்சுலாவும் கூடுதலாக இயங்கியது. பிறகு அதே ஆட்களுக்கு வேறு பயிற்சி: துயரப்படுகிறவருக்கு நல்லது நடக்கட்டும் என்று கனிவோடு மனத்தை அவர் பக்கம் திருப்புவது. அதே மாதிரி வீடியோக்களைப் பார்த்தபோது கனம் பழைய அளவுக்கு இறங்கியது, இதமான உணர்வு கூடியது. இந்த முறை இயங்கியது மூளையில் வேறு வலைப்பின்னல். பாசத்தோடும் திருப்தியோடும் தொடர்புள்ள பகுதிகள்.

இரக்கத்தைக் குடத்துத் தண்ணீர் மாதிரி நினைக்கிறோம்: மொள்ள மொள்ளத் தீர்ந்துபோகும், ஆகவே பார்த்துச் செலவழிக்க வேண்டும். "ரொம்ப ஒட்டிக்காத, டூட்டியைப் பார்த்துட்டு வா" என்று சீனியர்கள் புத்தி சொல்வது இந்த நினைப்பில்தான். ஆய்வுகளைப் பார்த்தால், மனத்தைத் தேய்ப்பது இரக்கம் காட்டுவது இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மற்றவர் வேதனையை உள்ளே வாங்கிவிட்டு, அதற்காக எதுவும் செய்ய முடியாமல் நிற்பதுதான் தேய்க்கிறது.

வார்டில் எதுவும் செய்ய முடியாத இடத்தில் நிற்பவர் யார்? மாணவிதான். அசைய முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும் என்று அவள் படித்திருக்கிறாள். கேர் பிளானில் அதை அழகாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். வார்டிலோ திருப்ப ஆள் இல்லை. புண் வருவதை அவள் தினமும் பார்க்கிறாள். சொன்னால் "நீ இன்னும் ஸ்டூடண்ட்" என்பார்கள். செய்ய வேண்டியது தெரிந்தும் நிறுவனம் செய்ய விடாத இந்த அவஸ்தையை 1984இலேயே ஆண்ட்ரூ ஜேம்டன் நர்ஸ்களைப் பற்றிய தம் நூலில் அற வேதனை என்று குறித்தார். வேலைச்சுமை கூடவும் முடிவெடுக்கும் உரிமை குறையவும் சேர்ந்து நேரும்போதுதான் ஆட்கள் அதிகம் நொறுங்குகிறார்கள் என்று ராபர்ட் கரசெக் 1979இல் காட்டியதும் இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

பர்ன்அவுட் என்ற சொல்லை இந்தப் பொருளில் ஆய்வுலகில் நிலைநிறுத்தியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் மெல்ல மெல்ல வற்றிப்போவதைப் பார்த்து 1974இல் எழுதினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: மனம் ஓய்ந்துபோவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் போவது, 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம். இரண்டாவதைப் பாருங்கள், மென்சீஸ் கேட்ட கல்லீரல் பேச்சுதான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட் இடம்பெற்றது. ஆனால் நோயாக அல்ல, வேலையிடத்தோடு சேர்ந்த நிகழ்வாக. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

இரக்கச் சோர்வு இதற்கு உறவு, ஆனால் நடை வேறு. பர்ன்அவுட் மாதக்கணக்கில் ஊறி வரும். இரக்கச் சோர்வு ஒரே ஒரு நோயாளியால்கூட வரலாம். தன் கண்ணெதிரே இறந்த குழந்தையின் முகம் கனவில் வருவது, அந்த வார்டு வாசலை நெருங்கும்போதே நெஞ்சு படபடப்பது, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது. விபத்தில் சிக்கியவருக்கு வரும் அறிகுறிகள், பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு வருகின்றன. இதற்கு மேல் நைட் டூட்டி. கார்டிசோல் இயல்பாக விடியற்காலையில் ஏறி இரவில் இறங்கும் ஹார்மோன். மாறி மாறி வரும் இரவுப் பணி இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. தூக்கம் கெட்ட மூளைக்கு முன்மூளையின் கட்டுப்பாடும் தளர்கிறது. காலையில் ஹாஸ்டலுக்கு வந்து, குளித்து, உடனே வகுப்புக்கு ஓடும் பெண்ணிடம் நாம் எதிர்பார்ப்பது அந்தக் கட்டுப்பாட்டைத்தான். இந்த அறிகுறிகள் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், சாதாரண அலுப்பு என்று விடாமல் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

சரி, கல்லூரிகள் என்ன செய்கின்றன? பெரும்பாலும் ஒரு யோகா வகுப்பு, மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஓர் அரை நாள் செமினார். இதைக் கேலி செய்ய நான் தயாரில்லை; மூச்சுப்பயிற்சி உடம்புக்கு நல்லதுதான். ஆனால் திருப்ப ஆள் இல்லாத நோயாளியை மூச்சுப்பயிற்சி திருப்பிப் படுக்கவைக்காது. வார்டில் ஒரு சாவு நடந்த அன்று டியூட்டர் பத்து நிமிடம் மாணவிகளை உட்காரவைத்து, "என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், உங்களால் எது முடிந்திருக்காது" என்று பேசுவது இதைவிடப் பயன் தரும் என்பேன். முடியாததைத் தன் குற்றமாகத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போவது குறையும். பாஸ்டனில் 1997இல் தொடங்கிய ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் இந்த வகைதான்: மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஒன்றாக உட்கார்ந்து, நோயாளியின் நோயைப் பற்றி இல்லாமல், அவரைப் பார்த்துக்கொண்டது தங்களை என்ன செய்தது என்று பேசுகிறார்கள்.

பெரிய மருந்து ஆள்கணக்கில் இருக்கிறது. பிரிட்டன் 1980களின் இறுதியில் கொண்டுவந்த 'புராஜெக்ட் 2000' சீர்திருத்தத்தில், மாணவிகளை வார்டின் ஆள்கணக்கில் சேர்க்கக் கூடாது, அவர்கள் கூடுதல் ஆட்களாகவே இருக்க வேண்டும் என்று முடிவானது. மென்சீஸ் பார்த்த சிக்கல் அதுதான். ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்துத்தான் தொட்டார்கள். வேலையில் இருக்கும் நர்ஸ்களைப் பற்றி லிண்டா ஐகென் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளைப் பார்த்தது. ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், அந்த நர்ஸுக்கு பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதம் ஏறியது. அறுவை சிகிச்சைக்கு வந்த நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் ஏறியது.